வாழவந்திக் கல்லறையும் வெளிநாட்டு ஆசிரியர் வேலையும்

ராசிபுரம் பக்கமிருந்து கொல்லிமலையை நெருங்குகிறவர்களுக்கு முள்ளுக்குறிச்சி ஒரு வாசல். மலைவாழ் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளி இருக்கும் அடிவாரத்து ஊர் அது. சமவெளிக்காரர்கள் மலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது இன்று இங்கே அன்றாட விஷயம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே மலைக்குப் பாடம் சொல்லித்தர வந்தவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். அவர்களில் ஒருவர் மலையிலேயே மண்ணுக்குள் போனார். அவரைக் கொன்றது புலியோ பாம்போ இல்லை, கொசு.

ஜெஸ்ஸி மான் பிராண்ட் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரத்துக்காரர். தொழில் கட்டட வேலை. மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனாலும் இந்தியாவுக்குக் கப்பலேறும் முன் லண்டனில் உள்ள லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு படித்தார். வெப்ப நாடுகளுக்குப் போகும் மிஷனரிகளுக்கு அடிப்படை மருத்துவம் கற்றுக்கொடுப்பதற்கென்றே 1893இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. காய்ச்சலை அடையாளம் காண்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பல் பிடுங்குவது, எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதையெல்லாம் கற்றுக்கொண்டு 1907இல் வந்திறங்கினார். 1913இல் லண்டனில் வளர்ந்த ஓவியம் படித்த பெண்ணான எவெலின் ஹாரிஸை சேந்தமங்கலத்தில் மணந்துகொண்டு, இருவருமாக மலையேறினார்கள். மோட்டார் சாலை எதுவும் இல்லாத காலம். ஏறுவதென்றால் நடை, முடியாதவர்களுக்கு டோலி.

வந்த புதிதிலேயே இருவரையும் மலேரியா பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அது அவர்களை முழுதாக விட்டதில்லை. இருந்தும் பதினாறு ஆண்டுகள் அந்த மலையில் அவர்கள் செய்த வேலை சின்ன வேலை அல்ல. பள்ளி வைத்தார்கள். தச்சு வேலையும் நெசவும் கற்றுக்கொடுத்தார்கள். நோயாளிகளைப் பார்த்தார்கள். 1918–19 இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயின்போது, அடுப்பு பற்றவைக்க ஆளில்லாமல் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாக நடந்தார்கள்.

மதம் பரப்ப வந்தவர்கள்தானே என்று கேட்கலாம். ஆம், அதற்காகத்தான் வந்தார்கள். அதில் கருத்து வேறுபாடு கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு. இந்தக் கட்டுரைக்கு அவர்கள் முக்கியமாவது வேறொரு காரணத்தால். சொந்த மண்ணின் நோய்களை மட்டுமே அறிந்த ஒரு உடல், வேறொரு மண்ணில் வாழ்ந்து கற்பிக்கப் போகும்போது என்ன ஆகிறது என்பதற்கு, நம் பக்கத்திலேயே கிடைக்கும் முழுமையான சான்று அவர்களுடைய வாழ்க்கை.

ஜெஸ்ஸி பிராண்ட் நோயைத் தடுக்கத் தெரியாதவர் அல்லர். நரம்புச் சிலந்தி விஷயத்தில் அவர் செய்ததே அதற்குச் சாட்சி. இன்றைய தலைமுறைக்கு அந்த நோயின் பெயர்கூடத் தெரியாது. கால் பெருவிரலுக்குப் பக்கத்திலோ கணுக்காலிலோ ஒரு கொப்புளம் எழும். தீயாய் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல்போல ஒரு புழுவின் முனை வெளியே தெரியும். உள்ளே இருப்பது ஒரு மீட்டர் நீளம்வரை இருக்கும் பெண் புழு. தண்ணீர் பட்டதும் அது தன் குஞ்சுகளை லட்சக்கணக்கில் அந்த நீரில் விடுகிறது. நீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அவற்றை விழுங்க, அந்த நீரைக் குடிக்கிறவர் உடலுக்குள் அடுத்த புழு வளர்கிறது. வெளியே தெரியும் முனையை ஒரு குச்சியில் சுற்றி, தினம் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் என்று நாள் கணக்கில் மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுத்துவிட்டால் கால் சீழ்பிடித்துவிடும்.

ஜெஸ்ஸி பிராண்ட் குச்சியில் சுற்றி எடுத்ததோடு நிற்கவில்லை. படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொண்டதால்தான் நோய் பரவுகிறது என்று சொல்லி, கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் கட்டவைத்தார். யாரும் இறங்க முடியாதபடி செய்துவிட்டால் புழுவுக்கு வழி அடைபடும். கட்டடத் தொழிலாளியின் கைக்குப் பழக்கமான மருத்துவம் அது. பல பத்தாண்டுகள் கழித்து இந்தியா முழுவதும் நரம்புச் சிலந்தியை ஒழித்ததும் இதே வழியில்தான்: படிக்கிணறுகளை மூடுவது, குடிநீரை வடிகட்டுவது, பாதிக்கப்பட்டவரை நீர்நிலையில் இறங்கவிடாமல் தடுப்பது. நாட்டின் கடைசி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோயற்ற நாடாக அறிவித்தது.

ஆனால், கொசுவுக்குச் சுவர் கட்ட முடியவில்லை. மலேரியாவைக் கொசுதான் கடத்துகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டுபிடித்துவிட்டார். காரணம் தெரிந்தும் கையில் ஆயுதம் இல்லை. டி.டி.டி. வரவில்லை. இருந்த ஒரே மருந்து குயினைன். நீலகிரியின் நடுவட்டத்தில் சிங்கோனா மரம் வளர்த்து, பட்டையிலிருந்து மருந்தெடுத்து, அஞ்சலகத்தில்கூடப் பொட்டலம் போட்டு விற்றது அரசு. காய்ச்சலை அது அடக்கும். மறுபடி கொசு கடிப்பதை அது தடுக்காது.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்கு வந்தது சாதாரண முறைக்காய்ச்சல் இல்லை. கருநீர்க் காய்ச்சல். கடுமையான மலேரியாவில் திரும்பத் திரும்ப அடிபட்ட உடலில் ரத்தச் சிவப்பணுக்கள் திடீரென்று கூட்டமாக உடைந்து, சிறுநீர் கறுத்துப் போகும். குயினைனை விட்டுவிட்டு எடுத்தவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழப் போன ஐரோப்பியர்களை நூற்றுக்கணக்கில் பலிகொண்டது. ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி இறந்தார். ஐம்பதைக்கூட எட்டாத வயது. மகனும் மகளும் படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் தந்தையைப் பார்க்காதவர்கள். சாவுச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்தது. சாவதற்கு முன்பு அவர் எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்ததால், தந்தை இறந்த பிறகும் வாரக்கணக்கில் அவருடைய கடிதங்கள் மகன் கைக்கு வந்தபடி இருந்தன. அந்த மகன்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைசிகிச்சை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

எவெலின் மலையைக் கைவிடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் தன் பொறுப்பில் மலையில் தங்கி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். 1974இல், 95 வயதில் இறந்தார். மலையிலுள்ள வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். ஒரே மலை, ஒரே கொசு. ஒருவருக்கு ஐம்பதுக்குள் முடிவு, மற்றவருக்குத் தொண்ணூற்றைந்து. மலேரியாவின் கணக்கு அப்படித்தான். ஒருவர் தப்பித்ததை வைத்து அடுத்தவரும் தப்பித்துவிடுவார் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில் கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களும் இதே காய்ச்சலில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. மலேரியா அடர்ந்த பகுதியில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் பலமுறை காய்ச்சல் கண்டு, அதையும் மீறிப் பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. காய்ச்சல் வரும், ஆளைக் கொல்லாது. வெளியூரிலிருந்து வருகிறவர் உடலில் அந்தப் பழக்கம் இல்லை. ‘உள்ளூர்க்காரன் தாங்குகிறான், நீ ஏன் விழுகிறாய்’ என்ற கேள்விக்கு மருத்துவம் சொல்லும் பதில் இது.

பிராண்ட் மட்டுமா? பாடம் சொல்லித்தர வந்து உயிரைவிட்டவர்கள் தமிழ் மண்ணில் வேறும் உண்டு. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரி, தமிழ் உலகுக்கு ஆங்கிலக் கல்வியைப் பெரிய அளவில் கொண்டுவந்த இடங்களில் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் அங்கே படித்தவர்கள். அந்தச் செமினரியின் முதல் தலைவர் டானியல் பூர், 1855இல் மானிப்பாயில் காலராவில் இறந்தார். அவருடைய முதல் மனைவி அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் இறந்திருந்தார். மதுரையிலும் இதே கதை. சில ஆண்டுகளுக்குள் பலரைச் சாகக் கொடுத்த பிறகுதான் அமெரிக்க மிஷனரிகள் மலையைத் தேடினார்கள். முதலில் போன சிறுமலையில் மலேரியா விரட்டியது. அங்கிருந்து கிளம்பியவர்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். இன்று நாம் கோடை விடுமுறைக்குப் போகும் ஊர், நோய்க்குப் பயந்த ஆசிரியர்களும் போதகர்களும் கண்டுபிடித்த புகலிடம்.

பழைய கதையைக் கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது பயணம் திசை மாறிவிட்டது. ஆங்கிலம் படித்த தமிழ் இளைஞர்கள் பாடம் நடத்த வெளிநாடு போகிறார்கள். மாலத்தீவுப் பள்ளிகளில் தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் இல்லாத தீவு அரிது. எத்தியோப்பியாவுக்கு ஹைலே செலாசி காலத்திலிருந்தே இந்திய ஆசிரியர்கள் போனார்கள். நைஜீரியாவின் எண்ணெய்ச் செழிப்புக் காலத்திலும் போனார்கள். வளைகுடா, தாய்லாந்து, வியட்நாம் என்று பட்டியல் நீண்டுவிட்டது. நாமக்கல், சேலம் கல்லூரிகளில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு உழைத்து அலுத்த பெண்களும் பையன்களும் ஏஜென்ட் தரும் தொலைபேசி எண்ணை நம்பிக் கிளம்புகிறார்கள். அதில் தவறே இல்லை. நல்ல சம்பளத்துக்கும் புதிய அனுபவத்துக்கும் ஆசைப்படுவது நியாயம்.

ஆனால், ‘நம்ம ஊரிலேயே கொசு உண்டு, மலேரியா உண்டு, நமக்கு என்ன ஆகப்போகிறது’ என்ற எண்ணத்தோடு ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுவதுதான் ஆபத்து. தமிழ்நாட்டில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ வளர்ந்த இன்றைய இருபத்தைந்து வயதுக்காரருக்கு அது வந்தே இருக்காது. எதிர்ப்புச் சக்தி விஷயத்தில் அவர் நைஜீரியாவில் இறங்கும்போது, 1907இல் இந்தியாவில் இறங்கிய கில்ட்ஃபோர்டுக்காரருக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை. தோலின் நிறம் கொசுவுக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023இல் மட்டும் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சாவு ஆப்பிரிக்காவில். அங்கே பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபேரம் வகை. காய்ச்சல் தொடங்கி ஒரு நாள் தாமதித்தாலே உயிருக்கு உலை வைக்கக்கூடியது.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. எந்த மாத்திரை என்பதைப் போகும் நாட்டையும் ஆளின் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிலவற்றைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிவந்த பிறகும் நான்கு வாரம் எடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு மருந்து பூசிய கொசுவலையே முதல் காவல். எத்தியோப்பியாவில் இடத்தைப் பொறுத்து எல்லாம் மாறும். அடிஸ் அபாபா இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே பரவல் இல்லை. ஆனால், வேலை உத்தரவில் இருப்பது தாழ்வான பகுதியின் ஊர் என்றால் கதை வேறு. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று விசாரிப்பது, சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதற்குச் சமம்.

எதிர்ப்புச் சக்தி விஷயத்தில் டெங்கு மலேரியாவுக்கு நேர்மாறு. மாலத்தீவு 2015இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்று பெற்றது. டெங்குவோ அங்கே ஆண்டுதோறும் இருக்கிறது. டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீடித்த பாதுகாப்பு. இரண்டாவது முறை வேறு வகை தாக்கும்போதுதான் ரத்தக்கசிவும் அதிர்ச்சியும் வரும் வாய்ப்பு அதிகம். ஆக, ஊரில் ஒருமுறை டெங்குவில் படுத்து எழுந்த தமிழ் ஆசிரியர், ‘எனக்குத்தான் வந்துபோய்விட்டதே’ என்று தெம்பாக இருக்கக் கூடாது. கூடுதல் எச்சரிக்கை வேண்டியவர் அவர். காய்ச்சல் இறங்கிய பிறகு கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று பள்ளிக்குக் கிளம்பும் நேரம் அல்ல அது.

மாலத்தீவில் மருத்துவமனைக்கு ஓடுவது என்பதற்கு என்ன பொருள்? சுமார் இருநூறு தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். சின்னத் தீவில் ஒரு சுகாதார மையம் இருக்கும். நிலைமை முற்றினால் வேகப்படகிலோ கடல் விமானத்திலோ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாலேயில் உள்ள பெரிய அரசு மருத்துவமனை இந்தியா கட்டிக்கொடுத்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை. கடல் கொந்தளிக்கும் இரவில் படகு கிளம்புமா என்பது வானிலையைப் பொறுத்தது. அன்று கொல்லிமலையில் டோலி கிடைத்தால்தான் நோயாளி அடிவாரத்துக்கு வர முடியும். தீவில் இருக்கும் ஆசிரியருக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான். அந்நாட்டு அரசின் ‘ஆசந்தா’ இலவச மருத்துவக் காப்பீடு அந்நாட்டுக் குடிமக்களுக்கானது. வெளிநாட்டு ஆசிரியருக்குத் தனிக் காப்பீடு. அதில் படகுச் செலவு அடங்குமா, இந்தியாவுக்கு நோயாளியைக் கொண்டுவரும் செலவு அடங்குமா என்று கேட்காமலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம்.

இங்கேதான் நம் அமைப்பின் பெரிய ஓட்டை இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போகும் பெரும்பாலானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. ரத்தம் எடுக்கிறார்கள், மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள், காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். எல்லாம் அழைக்கும் நாட்டின் பாதுகாப்புக்காக. போகிறவர் அங்கே என்ன நோயைச் சந்திப்பார், அதற்கு அவர் உடல் தயாரா என்று பார்க்க ஒருவரும் இல்லை. ‘ஃபிட்’ என்று சீல் குத்திய சான்றிதழை வாங்கியவர், தனக்கு எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார். லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு கட்டடத் தொழிலாளிக்கு 120 ஆண்டுகளுக்கு முன்பு கிடைத்த ஓராண்டுப் பயிற்சியில் ஒரு நாள் பாடம்கூட இன்று நம் ஆசிரியருக்குக் கிடைப்பதில்லை.

கட்டாயம் என்று இருப்பது ஏறக்குறைய ஒன்றே ஒன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் குறிப்பிட்ட நாடுகளுக்குப் போகிறவர்கள் போட்டே ஆக வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையம், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சான்று இல்லாமல் அந்நாடுகளிலிருந்து திரும்பினால் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தும் மையம்தான், ஆறு நாள் வரை. விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சேலத்திலிருந்து அடித்துப்பிடித்துச் சென்னைக்குப் போய் நிற்பதைவிட, வேலை உறுதியானதுமே ஊசிக்குத் தேதி வாங்கிவிடுவது நல்லது. டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, பி, ரணஜன்னி ஊசிகளைப் பற்றி உள்ளூர் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

தாய்லாந்து, வியட்நாம் போகிறவர்களுக்கு வேறு ஆபத்து. அங்கே பள்ளிக்குப் போய்வர எல்லோரும் முதலில் வாங்குவது ஒரு ஸ்கூட்டர். உலகில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள். இருசக்கர வாகனச் சாவில் தாய்லாந்து மோசமான இடத்தில் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல், அந்நாட்டில் செல்லும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். கொல்லிமலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளில் வண்டி ஓட்டிப் பழகியவருக்குக்கூட, வேறு நாட்டுச் சாலை வேறு சாலைதான். தெருநாய் கடித்தால், சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது. சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே முதல் ஊசியைப் போட்டு, மீதியைத் தவணை தவறாமல் முடிக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பவர் அனேகமாக இல்லை.

புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் நடந்துவிட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால், அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. தமிழ்நாட்டில் உள்ளதுபோலவே தாய்லாந்திலும் கொரியாவிலும் ஜப்பானிலும் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும்.

சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தமிழர்கள் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிறார்கள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாடு தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது. மூன்று மாத மாத்திரையை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது மருந்துச்சீட்டையும் எடுத்துவைக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலிமாத்திரைகளை ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாக வைத்திருக்கிறது. அம்மா குழம்புக்குக் கட்டிக்கொடுக்கும் கசகசாவுக்கும் அங்கே தடை.

தனிமை மட்டும் எந்தப் பரிசோதனையிலும் தெரிவதில்லை. எவெலின் பிராண்டுக்குக் கடிதம் வந்துசேர வாரக்கணக்கு ஆனது. இன்றைய ஆசிரியர் தினமும் வீடியோ அழைப்பில் அம்மாவைப் பார்க்கிறார். காய்ச்சல் இருக்கும்போது மட்டும் கேமராவை அணைத்துவிட்டு, ‘நெட் சரியில்லம்மா’ என்கிறார். விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்களோ, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நோயை மறைப்பது வெளிநாட்டு வேலையின் பழைய வியாதி. பெண்கள் இதை இன்னும் அதிகமாக மறைக்கிறார்கள். ஊரில் கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கொடுத்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

அரசின் பாதுகாப்பு வலையோ ஆசிரியர் தலைக்கு மேலே போய்விடுகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு விபத்துச் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தருகிறது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கட்டாயம். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் அந்தப் பிரிவில் வருவதில்லை. பட்டதாரி ஆசிரியர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி இது. கொசுவுக்கு முன்னால் பட்டம் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டு, வேலைக்காகப் போகும் எல்லோருக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்குவதே சரி.

தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்கென்று வாரியமும் இருக்கிறது. இவை இரண்டும் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாள் பயண மருத்துவ ஆலோசனை நடத்தலாம். பெரிய செலவு கிடையாது. எந்த நாடு, எந்த ஊர், எவ்வளவு காலம் என்று கேட்டு, தேவையான ஊசியையும் மாத்திரையையும் எழுதிக்கொடுக்க ஒரு மருத்துவர் போதும். ஆசிரியர்களை வேலைக்கு எடுக்கும் முகவர்கள் ஒப்பந்தத்தோடு மருத்துவக் காப்பீட்டின் முழு நகலையும் தர வேண்டும் என்று விதிக்கலாம். ஆங்கிலத் துறை உள்ள கல்லூரிகள் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பாவது வைக்கலாம். முள்ளுக்குறிச்சியில் படிக்கும் மலைப் பிள்ளைகளில் யாரோ ஒருவர் நாளை கம்பாலாவிலோ ஹனோயிலோ வகுப்பெடுக்கப் போகிறார். அதற்குள் இவையெல்லாம் நடந்திருக்க வேண்டும்.

போய்விட்டுத் திரும்புகிறவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மலேரியா நாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், அவர் ஊர் திரும்பி ஒரு வாரத்திலோ மூன்று மாதம் கழித்தோ வந்தாலும், மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். இங்கே மலேரியா குறைந்துவிட்டதால், சொல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.